சிஸ்டரம்மாவுக்குக் கொண்டுபோன அப்பம்

எனக்குக் கவலை வந்தால் முதலில் வயிறு கலங்கும். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அலுவலகத்தில் ஒரு கோப்பை அடுத்த பிரிவுக்கு அனுப்பினால், அது போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் நானே போய் எட்டிப் பார்ப்பேன். "தூங்கும்போதுகூட எதையோ தேடிக்கிட்டேதான் தூங்கறீங்க" என்பாள் மனைவி. இப்படிப்பட்டவன் கையில் எங்கள் சபைப் பாதிரியாரான ஆயர் அந்தச் சின்ன வெள்ளி டப்பாவை ஏன் கொடுத்தார் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். கவலைப்படுகிறவன் ஜாக்கிரதையாகவும் இருப்பான் என்று நினைத்திருப்பார். அது தப்புக் கணக்கு.

திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது புதிய அலுவலகங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தாக்களில் நானும் ஒருவன். கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் வீடு பிடித்தோம். என்னைப் போலவே மாற்றலில் வந்து சேர்ந்தவர்களாக, ஆங்கிலிக்கன் வழியில் வளர்ந்த இருபது குடும்பங்கள் ஊரில் இருந்தன. சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்து ஹாலை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மட்டும் கேட்டு வாங்கியிருந்தோம். ஆயர் ஆரணியில் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்து எங்களுக்குத் திருவிருந்து நடத்திவிட்டு, போளூர்ப் பக்கத்து கிராமத்தில் மதிய ஆராதனைக்கு ஓடுவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே புத்தகத்தைப் பார்த்து வாசித்துக்கொள்வோம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்று. உள்ளே வந்தால்தான் சங்கதி தெரியும். ஜெபப் புத்தகம் ஒன்று, அது வந்த தேசமும் ஒன்று. ஆனால் அதைக் கொண்டுவந்த மிஷனரிகள் இரண்டு தினுசு. ஒரு தினுசு, ரோமாபுரி வாசனை லேசாக அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும். இன்னொன்று மெழுகுவர்த்தி, மணி, பூவேலை செய்த அங்கி என்று கத்தோலிக்கருக்கு அரை அடி தள்ளித்தான் நிற்கும். என் வீடு முதல் தினுசு. நாங்கள் மேசை என்றால் அவர்கள் பீடம் என்பார்கள். நாங்கள் திருவிருந்து என்பதை அவர்கள் நற்கருணை என்பார்கள். அதில் ஜெபித்துக் கொடுக்கிற அப்பம் எங்களுக்கு இயேசுவின் நினைவு, அவர்களுக்கு அவர் உடலே. நாங்கள் உட்கார்ந்தபடி தலைகுனிவோம், அவர்கள் முட்டிபோட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊர் ஹாலில் இரண்டும் கலந்து கிடந்தது. ஒருத்தர் மேசையில் மெழுகுவர்த்தியை ஏற்றுவார். அடுத்தவர் போய் ஃபேனைப் போடுவார்.

என் அப்பா சின்ன ஊர் ஒன்றில் ஆயருக்கு உதவியாகச் சபை நடத்தும் உபதேசியாராக இருந்தவர். அங்கே பேக்கரி ரொட்டியைத்தான் சதுரமாக வெட்டித் தட்டில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் மிச்சத்தை ஆயர் வீட்டுப் பிள்ளைகளோடு நாங்களும் பங்கு போட்டுத் தின்போம். அதற்காகவே கடைசிவரை சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்போம். "அப்பம் அப்பம்தான்டா. சாப்பிடறவன் மனசுல விசுவாசம் இருந்தா அது திருவிருந்து. இல்லனா வெறும் ரொட்டி. அதுல ஒரு மந்திரமும் இல்ல" என்பார் அப்பா. எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. உலகத்தில் நான் கவலைப்படாமல் இருந்த சில விஷயங்களில் அது ஒன்று.

ஹாலின் சாவி என்னிடம் இருந்ததால் சபைச் செயலாளர் வேலையும் என் தலையில் விழுந்தது. மேசைக்குத் துணி விரிப்பது, கிண்ணம் துடைப்பது, இரும்பு பீரோவில் இருக்கும் அப்ப பாக்கெட் தீர்ந்தால் சென்னையிலிருந்து தருவிப்பது எல்லாம் நான்தான். ரொட்டியா, அந்த மெல்லிய வட்ட அப்பமா என்று ஒரு வருஷம் சண்டை நடந்து, கடைசியில் வட்ட அப்பம் ஜெயித்திருந்தது. பாக்கெட்டில் எப்போதும் நாலைந்து உடைந்திருக்கும். ஆயர் ஜெபிக்காத அப்பம்தானே என்று அவற்றைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். நாலு வயது மகளுக்கு அது உயிர். நாக்கில் ஒட்டவைத்துக் கரையவிடுவாள். இதில் என்ன தப்பு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்படி ஒருவர் கேட்டார். அவர்தான் சிஸ்டரம்மா.

அவர் கன்னியாஸ்திரீ அல்ல. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் மணியும் மெழுகுவர்த்தியுமாக இருந்த ஒரு பழைய ஆங்கிலிக்கன் ஆலயத்தின் நிழலில் வளர்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தார். "சத்தம் கம்மி தம்பி, அதான்" என்று காரணம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்குகிறவரை காபிகூடக் குடிக்கமாட்டார். ஹாலுக்குள் நுழைந்ததும் எங்கள் பள்ளிக்கூட மேசைக்கு முன்னால் முட்டி மடக்கி வணங்குவார். அந்த மேசையில் வெள்ளிக்கிழமை வரை வாத்தியார் பிரம்பு வைத்திருந்தார் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை.

ஒருமுறை ஆராதனை முடிந்து, தட்டில் இருந்த துகளை நான் ஜன்னலுக்கு வெளியே தட்டிவிட்டேன். அணில் தின்னட்டும் என்றுதான். சிஸ்டரம்மா எழுந்து வெளியே போனார். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, விரலை நாக்கில் ஈரமாக்கி ஒவ்வொரு துகளாக ஒற்றி எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"சிஸ்டரம்மா, எழுந்திருங்க. அப்பம்தானே" என்றேன்.

"உங்களுக்கு அப்படி தம்பி. நீங்க நம்பறது ஒண்ணு, நான் நம்பறது ஒண்ணு. ஆனா ஆயர் ஐயா ஜெபம் பண்ணதுக்கு அப்புறம் அது என்னவோ அதுதான். யார் நம்பறாங்கனு பார்த்து அது மாறாது."

"எங்கப்பா கேட்டிருந்தா உங்ககூட ரெண்டு மணி நேரம் வாதாடியிருப்பாரு."

"வரச் சொல்லுங்க" என்று சிரித்தார். அப்பா அப்போது உயிரோடு இல்லை. பாக்கெட்டில் உடைந்ததை மகளுக்குக் கொடுக்கிறேன் என்று யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது. அதையும் அன்றைக்கே கேட்டார். "ஜெபம் பண்ணாததுதான். தப்புனு சொல்லமாட்டேன். ஆனா குழந்தைக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பார்த்துக்குங்க" என்றார். நான் தலையாட்டினேன். மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

இது நடந்து ஒரு வருஷத்தில் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. வேலூரில் பார்த்துவிட்டு, இனி செய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நர்ஸாக இருந்தவர் என்பதால் அவருக்கே எல்லாம் தெரியும். இன்னும் எத்தனை வாரம் என்று விரல்விட்டு எண்ணி எங்களிடமே சொல்வார். படுக்கையில் விழுந்தபிறகு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மாதாமாதம் நற்கருணை தவறக்கூடாது. முதல் மாதம் ஆயர் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டாம் மாதம் அந்த ஞாயிறு பௌர்ணமியும் சேர்ந்து வந்தது. பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். ஆட்டோ உள்ளே வராது. காலையிலேயே கிரிவலம் தொடங்கிவிட்டது. ஆராதனை முடிந்ததும் ஆயர் கடிகாரத்தைப் பார்த்தார். செங்கம் ரோட்டுக்குப் போய்த் திரும்பினால் அவருக்கு பஸ் போய்விடும். போளூர்ப் பக்கத்தில் ஒரு கிராமமே சாப்பிடாமல் காத்திருக்கும்.

அவர் ஜெபித்த அப்பத்தில் ஒன்றை எடுத்து, மூடிபோட்ட வெள்ளி டப்பாவில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"செக்ரட்டரி சார், நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க. என்ன வாசிக்கணும்னு சீட்டுல எழுதியிருக்கேன். மேல் பையில, நெஞ்சு பக்கம் வைச்சுக்குங்க. நேரா போங்க. நடுவுல எங்கயும் கீழ வைக்காதீங்க. அந்தம்மா அதுல ரொம்ப கறாரு."

"நீங்க கவலைப்படாதீங்க ஐயா" என்றேன். என் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தது எனக்கே வேடிக்கைதான்.

கூட்டத்தில் நடந்து போனால் ஒரு மணி நேரமாகும். சைக்கிள் வீட்டில் இருந்தது. எடுக்கப் போனேன். அங்கே இட்லி வெந்திருந்தது. "ரெண்டு தின்னுட்டுப் போங்க, மயக்கம் போட்டு விழப்போறீங்க" என்றாள் மனைவி. எங்கள் பக்கத்தில் வெறும் வயிறு என்ற சட்டம் எல்லாம் கிடையாது. உட்கார்ந்தேன். குனிந்து சாப்பிடும்போது டப்பா நெஞ்சில் இடித்தது. எடுத்து டி.வி. மேல் வைத்தேன். நடுவில் எங்கும் கீழே வைக்காதீர்கள் என்று சொன்னது நினைவுக்கு வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. டி.வி. கீழே இல்லையே என்று நானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டேன்.

கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால் மகள் ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தாள். மூடி திறந்திருந்தது. வாய் மூடியிருந்தது. நாக்கில் ஒட்டவைத்துக் கரையவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தாள்.

துப்பச் சொல்லவா, விழுங்கச் சொல்லவா என்று தெரியவில்லை. அவள் வாய்க்குக் கீழே கையை நீட்டிக்கொண்டே நின்றேன். அதற்குள் கரைந்தே போய்விட்டது. என் முகத்தைப் பார்த்து அவள் அழ ஆரம்பித்தாள்.

"ஏங்க குழந்தையை இப்படி மிரட்டறீங்க? நீங்கதானே பழக்கினது" என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். அவளும் என் தினுசுச் சபையில் வளர்ந்தவள்தான். "இதுக்கா இந்த முகம்? பீரோவுல பாக்கெட் இருக்கு இல்ல? ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. அப்பம்தானே."

அப்பம்தானே. என் அப்பா சொன்ன வார்த்தை, சிஸ்டரம்மாவிடம் நான் சொன்ன வார்த்தை. என்னிடமே அது திரும்பி வந்தபோது ஏன் போதவில்லை?

வழி இரண்டு இருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடி ஆயரைப் பிடிக்கலாம். ஆனால் பஸ் கிளம்பியிருக்கும், கூட்டத்தில் போய்ச் சேரவே முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயம் என்பதுதான் நிஜம். இரண்டாவது, சிஸ்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொல்வது. சொன்னால் இன்னொரு மாதம் காத்திருக்கவேண்டும். அவர் கணக்குப்படியே அவருக்கு இன்னொரு மாதம் இல்லை. நான் மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன். ஹாலுக்குப் போய், பீரோவைத் திறந்து, பாக்கெட்டிலிருந்து உடையாத அப்பமாகப் பார்த்து ஒன்றை எடுத்து டப்பாவில் போட்டேன். பீரோவைப் பூட்டிவிட்டு வழக்கம்போல மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

செங்கம் ரோடு முழுக்க ஜனம். வெறுங்காலோடு, குடும்பம் குடும்பமாக, அரோகரா என்று நடந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளை ஏறி மிதிக்க இடமில்லை. தள்ளிக்கொண்டே போனேன். ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டேன். வழி நெடுக அப்பாவின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். சாப்பிடுகிறவரின் விசுவாசம்தான் முக்கியம். அவருக்கு அது நிறையவே இருக்கிறது. கடவுள் ஒரு டப்பாவுக்குள் உட்கார்ந்து வருகிறவர் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒரு புளியமரத்தடியில் நின்று, டப்பாவின்மேல் கையை வைத்து நானே ஜெபம்கூடச் செய்து பார்த்தேன். எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சிஸ்டரம்மாவின் சபை சொல்லும். அதற்குத் தேவையே இல்லை என்று என் சபை சொல்லும். ஆக அந்த ஜெபம் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதது.

வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டின் சொந்தக்காரர். பக்கத்து கிராமத்து விவசாயக் குடும்பம், எங்கள் சபைக்குச் சம்பந்தமில்லாதவர். அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, சிஸ்டரம்மாவையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

"வாங்க சார். உங்களைத்தான் பார்த்துக்கினு இருக்கோம். நேத்து ராவுல இருந்து பச்சத்தண்ணிகூட குடிக்கலைங்க அம்மா. மாத்திரையும் வேணாம்னுட்டாங்க. நீங்க வந்து குடுத்தாதான் ஆச்சுனு ஒரே பிடிவாதம்."

நான் இரண்டு இட்லி தின்றிருந்தேன். நாலுகூட இருக்கலாம்.

அறையில் சின்ன ஸ்டூல்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. மெழுகுவர்த்தி எரிந்தது. வீட்டுக்காரம்மா பறித்துவைத்த செம்பருத்தி ஒரு டம்ளரில் இருந்தது. சிஸ்டரம்மா தலைக்கு முக்காடு போட்டு, இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் வழியிலேயே பதில் தயார்செய்து வைத்திருந்தேன். அப்பத்தைப் பற்றி எது கேட்டாலும் சொல்லியிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஆராதனை முடிஞ்சு நேராதானே வந்தீங்க தம்பி? நடுவுல எங்கயும் வைக்கலையே?"

"நேராதான் வந்தேன் சிஸ்டரம்மா" என்றேன்.

யோசிக்காமல் வந்துவிட்டது. அப்பத்தைப் பற்றி இரண்டு தினுசுக்கும் ஆயிரம் கருத்து இருக்கலாம். பொய்யைப் பற்றி ஒரே கருத்துதான். அது தெரிந்தே சீட்டை எடுத்து வாசித்தேன். குரல் நடுங்கியது. பக்தியால் நடுங்குகிறது என்று அவர் நினைத்திருப்பார். சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி வாயைத் திறந்தார். நான் வைத்தேன். வெகுநேரம் அப்படியே இருந்தார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. பிறகு ஒரு மிடறு தண்ணீர் கேட்டு வாங்கி, வாயில் ஒரு துகள்கூடத் தங்காதபடி அலசி விழுங்கினார்.

"இனிமே எப்ப கூப்பிட்டாலும் போயிடலாம் தம்பி" என்றார். என் கையைப் பிடித்து, அதைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அலுவலகத்தில் கூட்டல் தப்பியது. சாப்பாடு இறங்கவில்லை. தினமும் வேலை முடிந்து, அலுவலகம் இருந்த வேங்கிக்காலிலிருந்து வரும் வழியில் செங்கம் ரோட்டுக்குத் திரும்பலாமா என்று நின்று யோசித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். எங்கள் பக்கத்தில் பாவத்தை ஆயர் காதில் சொல்கிற வழக்கம் இல்லை. கடவுளிடம் நேரே சொன்னால் தீர்ந்தது. நான் தினம் மூன்று வேளை சொன்னேன். தீரவில்லை. நான் பொய் சொன்னது கடவுளிடம் அல்லவே.

"அந்தம்மா நிம்மதியா இருக்காங்க இல்ல? விட்டுடுங்க. உங்க வயித்துவலிக்கு அவங்களை ஏன் இழுக்கறீங்க?" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு இன்னொரு பயம். நான் சொல்லாமலே அவர் போய்விட்டால்? அவர் கடைசியாக வாங்கிக்கொண்டு போனது வெறும் மாவும் என் பொய்யும்தான் என்றாகிவிடும். ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனேன்.

அவர் இன்னும் மெலிந்திருந்தார். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. சொன்னேன். இட்லியை, டி.வி.யை, மகளை, பீரோவை எல்லாம் சொன்னேன். நேராக வரவில்லை என்றும் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு லேசானது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.



"குழந்தை மேல தப்பு இல்ல. அதைத் திட்டாதீங்க" என்றார் முதலில்.

"திட்டலை சிஸ்டரம்மா."

"அன்னிக்கு நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன் தம்பி. இந்தப் பத்து நாளும் இருந்தேன். வலிகூடப் பெரிசாத் தெரியல. இப்ப அதையும் எடுத்துக்கிட்டீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். "ஐயாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. இன்னிக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆரணி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டரைத் திட்டவேண்டும்போல இருந்தது. போளூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆயர் வீட்டில் இருப்பாரா, ஏதாவது கிராமத்துக்குப் போயிருப்பாரா, நான் திரும்புவதற்குள் அந்த அம்மாள் போய்விடுவாரா என்று இதே மூன்றும் திரும்பத் திரும்ப.

ஆயர் இருந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிமுடித்தேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அன்னிக்கே பஸ்ஸுக்கு ஓடி வந்திருக்கலாமே சார்" என்றார். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். திரும்பும் பஸ்ஸில் நான் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"அன்னிக்கு அவங்க வாங்கினது ஒண்ணுமே இல்லனு ஆயிடுமா ஐயா?"

"வாங்க முடியாம போனவங்க மனசால வாங்கினாலே போதும்னு நம்ம ரெண்டு பக்கமும் ஒத்துக்கும். கடவுள் அவங்களைக் கைவிட்டிருக்க மாட்டார். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது நீங்க இல்லையே சார்" என்றார்.

அதற்கு அப்பாவிடம் பதில் இருந்திருக்குமோ என்னவோ. அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்தரப்போடு வாதாடியவர். ஆனால் எதிர்த்தரப்பு கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது அதன் வாயில் தன் கொள்கையை வைத்ததில்லை. நான் வைத்துவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்தரை. மலைமேல் வெயில் இருந்தது. அவர் உயிரோடு இருந்தார். வாசலிலேயே வீட்டுக்காரம்மா சொன்னார்: "நீங்க போனதுல இருந்து வாயில ஒண்ணும் வைக்கலைங்க சார். கஞ்சி அப்படியே கிடக்குது." ஆயர் அங்கியைப் போட்டுக்கொண்டார். ஸ்டூலில் துணி விரித்தார். இந்த முறை எதையும் ஆரணியிலிருந்து டப்பாவில் கொண்டுவரவில்லை. அந்த அறையிலேயே, சிஸ்டரம்மாவின் கண் முன்னாலேயே அப்பத்தை எடுத்து முழு ஜெபத்தையும் சொன்னார். ஒரு வார்த்தையும் விடாமல் அவர் உதடும் கூடவே அசைந்தது.

பிறகு அவரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருந்தது. ஆயர் ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டார். துகள் சிந்தாமல் முகவாய்க்குக் கீழே தட்டைப் பிடிக்க இன்னொரு ஆள் தேவை. "செக்ரட்டரி சார், இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று தட்டை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"அவர் கையில வேணாங்க ஐயா" என்றார் சிஸ்டரம்மா. குரலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் கழுவாத கருவியை வேண்டாம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். "வீட்டுக்காரம்மா பிடிக்கட்டும்."

வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நானாங்க? தொடலாமாங்க?" என்று கேட்டார். சிஸ்டரம்மா தலையசைத்தார். வீட்டுக்காரம்மா ஓடிப்போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கி, ஆடாமல் அசையாமல் பிடித்தார். நான் அவருக்கு இடம்விட்டுக் கதவோரமாகத் தள்ளி நின்றுகொண்டேன்.